ஆணி எந்தப் பாதியில்

விவாகரத்துத் தாளில் முத்திரை வைக்க
ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.
வரிசையில் நின்றதுதான் நேரம்.
ஏப்ரல். கொகுரா சந்தையில் மூங்கில் குருத்து குவிந்திருந்தது.
பழக்கதோஷம், ஒன்று வாங்கிவிட்டேன்,
இரண்டு பேருக்கான அளவில்.

தவிடும் ஒரு வறமிளகாயும் போட்டு
மிசுயோ அதை வேகவைத்தாள்.
கசப்பு இறங்க ஒரு மணி நேரம்.
அந்த நீரிலேயே ஆற இரவு முழுதும்.
விடிவதற்குள் அவள் பெட்டிகள்
கதவருகே வந்துவிட்டன.

சோறு வடிக்கும் மின்பானை எனக்கு.
மீன் வெட்டும் கத்தி அவளுக்கு.
குளிர்பெட்டி எனக்கு,
ஐந்தாம் மாடியிலிருந்து யார் இறக்குவது?
எதற்கும் குரல் உயரவில்லை,
கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த ஜாடிவரை.

நுகாதோகோ.
தவிட்டுப் படுக்கை என்று பொருள்.
அரிசித் தவிடு, உப்பு, கடற்பாசி,
கொகுராக்காரர்கள் என்பதால் சான்ஷோ மிளகு,
தினம் ஒரு கை.
கோடையில் இரண்டு நாள் கை படாவிட்டால்
கோபித்துக்கொண்டு பெயின்ட் வாடை அடிக்கும்.
அதற்காகவே பயணங்களைச் சுருக்கியிருக்கிறோம்.
பிள்ளை இல்லாத வீட்டில்
தவிடே பிள்ளை.

அவள் தராசை எடுத்தாள்.
நாலு கிலோ இருநூறு.
பாகத்துக்கு இரண்டு கிலோ நூறு.
அள்ளி அள்ளி வைத்தாள்.
கடைசியில் விரலில் ஒட்டியிருந்ததை
யார் பக்கம் உதறுவது என்று
ஒரு கணம் நின்று,
குழாயில் கழுவிவிட்டாள்.

ஆணியை இருவருமே மறந்துபோனோம்.

குளியலறையில் அலமாரி அடித்தபோது மிஞ்சியது,
சுண்டுவிரல் நீளம், துரு ஏறியது.
அது உள்ளே கிடந்தால்தான்
ஊறும் கத்தரிக்காய்க்கு நிறம் நிற்கும்.
இல்லாவிட்டால்
மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும்.

ஜூனில் வெள்ளரிக்காய்.
மோனோரயில் பணிமனையில் இரவு வேலை முடித்து வந்து
சட்டைக்கையை மடித்து
அடியிலிருந்து புரட்டுவேன்.
என் பாதி வரவரப் புளித்தது.
அவள் பாதி எப்படியோ.

ஜூலையில் எருது நாள்.
ஊரே விலாங்கு மீனுக்கு வரிசையில் நின்றது.
ஒற்றை ஆளுக்கு எதற்கு விலாங்கு என்று
நான் மத்தி வாங்கினேன்,
தவிடு சேர்த்துக் கொதிக்கவைக்க.
அள்ளும்போது கட்டைவிரலில் குத்தியது.
என் பாதியில்தான்.

ஆகஸ்ட் கடைசியில் போன்.
'கவாசோயே-சான்' என்றாள்,
பத்தொன்பது வருடம்
தன்னுடையதாகவும் இருந்த பெயரைச் சொல்லி.
'அந்த ஆணி உங்கள் பக்கம் வந்துவிட்டதா?
என் கத்தரிக்காய் எல்லாம் பழுப்பு.'

கடையில் ஓர் ஆணி என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.
போனுக்குள் அவள் ஜன்னல் சிள்வண்டு.
இங்கே வேறொன்று.

'இல்லையே' என்றேன்.
'ஓரத்தில் பார். அடியில்.'

'பார்க்கிறேன்' என்றாள்.
உடனே வைத்துவிடவில்லை.

இலையுதிர்காலக் கத்தரிக்காயை
மருமகளுக்குக் கொடுக்காதே என்று எங்களில் ஒரு பழமொழி.
அத்தனை ருசி, மாமியாருக்குப் பொறாமை என்பார்கள்.
இல்லை, அது குளிர்ச்சி,
அவள் உடம்புக்கு ஆகாதென்ற அக்கறை என்பார்கள்.
எது என்று இதுவரை தீரவில்லை.
என் பொய்யையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர். காலை ஐந்தே முக்கால்.
மோஜி பக்கம் நான் பார்த்திராத ஒரு சமையலறையில்
இந்நேரம் ஒரு கை
மணிக்கட்டுக்கு மேலும் இறங்கி
மெல்ல, ஓரம் ஓரமாகத்
தேடிக்கொண்டிருக்கும்.

என் தட்டில் ஆறு துண்டு.
நல்ல ஊதா.
உப்புதான் கொஞ்சம் தூக்கல்.